பின் விங்குக்கு கார்பன் ஃபைபர் மவுண்ட்: வேலை நாட்குறிப்பு

ஜனவரி 5

என் கார் பின்னாடி மாட்டப்போற விங் ரெடி, இனிமே அத தாங்குற கால் ரெண்டும்தான் பாக்கி. எவ்ளோ லோடு வரும்னு தெரியாம கார்பன் துணிய வெட்ட ஆரம்பிக்கக்கூடாதுன்னு இன்னிக்கு பேப்பரும் கால்குலேட்டருமா உக்காந்துட்டேன். விங் 1.5 மீட்டர் அகலம், முன் விளிம்புலருந்து பின் விளிம்பு வரைக்கும் 25 செ.மீ., ஆக பரப்பு 0.375 சதுர மீட்டர். லிஃப்ட் கோஎஃபிஷியன்ட் (விங் எவ்ளோ நல்லா அமுக்குதுங்கற எண்) 1.5னு எடுத்துகிட்டேன், ஒரே பலகையா இருக்கற சிங்கிள் எலிமென்ட் விங்குக்கு இது கொஞ்சம் தாராளம்தான், ஆனா தாங்குற பாகத்துக்கு கணக்கு போடும்போது தாராளமா போடறதுதான் சரி. 180 கி.மீ. வேகம்னா செகண்டுக்கு 50 மீட்டர், காத்து அடர்த்தி 1.2, வேகத்தோட வர்க்கத்தையும் மத்ததையும் பெருக்கி பாதியாக்கினா 840 நியூட்டன் சொச்சம் வருது, அதாவது 86 கிலோ கீழ அமுக்குது. அதே விங் 90ல போனா வெறும் 21 கிலோதான், ஏன்னா வேகம் டபுள் ஆனா லோடு நாலு மடங்கு. 216 போனா 120 கிலோவ தாண்டிடும். இது போக காத்தோட எதிர்ப்பு ஒரு 12லருந்து 15 கிலோ பின்னாடி இழுக்கும்.

ரோட்டுல மெதுவா ஓட்டிட்டு "ஆடவே இல்ல, ஸ்ட்ராங்கா இருக்கு"ன்னு சொல்றவங்கள பாத்தா பயமா இருக்கு, அந்த வேகத்துல மவுண்டுக்கு வேலையே கிடையாது.

ஜனவரி 8

ஷேப் முடிவாச்சு, ஸ்வான் நெக்தான், அன்னக் கழுத்து மாதிரி வளைஞ்ச கால். விங்குல முக்கியமான பக்கம் அடிப்பக்கம், அங்கதான் காத்து வேகமா ஓடி அழுத்தம் கொறையுது, டவுன்ஃபோர்ஸ்ல, அதாவது கார கீழ அமுக்கற விசைல, பெரும்பங்கு அந்த உறிஞ்சல்லதான் வருது. கீழருந்து ரெண்டு கால வச்சு முட்டுக்கொடுத்தா சரியா அந்த எடத்துல காத்து கலைஞ்சு போகும். மேலருந்து வளைஞ்சு வந்து முதுக புடிச்சா அடிப்பக்கம் சுத்தமா இருக்கும். 2009ல ஆடி ஆர்15 லெமான்ஸ் கார்ல இது இருந்துச்சு, 2021ல போர்ஷ 911 ஜிடி3 ரோடு காருக்கே வந்துடுச்சு.

ஆனா இதுக்கு ஒரு வெல இருக்கு. கால் விங்குக்கு முன்னாடி ஏறி வளைஞ்சு வர்றதால லோடு நேரா கால் மேல எறங்காது, தள்ளி எறங்குது. என் டிராயிங்ல அந்த தள்ளல் 15 செ.மீ. ஒரு காலுக்கு 430 நியூட்டன்னா அதுலருந்து 64 நியூட்டன் மீட்டர் திருப்பு விசை, காத்து எதிர்ப்பு 35 செ.மீ. உயரத்துல இழுக்கறதால இன்னொரு 25, மொத்தம் 90 கிட்ட.

இப்ப பாருங்க, 6 மி.மீ. தடிமன், 60 மி.மீ. அகலம் உள்ள கார்பன் தகட்டுல இந்த 90 நியூட்டன் மீட்டர் கொடுக்கற ஸ்ட்ரெஸ் வெறும் 25 மெகாபாஸ்கல். நல்லா செஞ்ச கார்பன் தகடு சில நூறு மெகாபாஸ்கல் சாதாரணமா தாங்கும். அதாவது தகட்ட பத்தி கவலையே பட வேணாம். அப்ப எங்க உடையும்?

ஜனவரி 9

ராத்திரி பூரா அதே கேள்விதான், காலைல போல்ட் கணக்கு போட்டதும் பதில் கெடச்சுடுச்சு.

அடிக்கால்ல முன்னயும் பின்னயுமா ரெண்டு போல்ட், நடுவுல 80 மி.மீ. இடைவெளின்னு வரைஞ்சு வச்சிருந்தேன். 90 நியூட்டன் மீட்டர 0.08ஆல வகுத்தா 1125 நியூட்டன், அதோட ஒரு காலுக்கு கீழ் அமுக்கற 430ல பாதி சேந்தா பின் போல்ட்டுக்கு 1340 நியூட்டன், 137 கிலோ! முழு விங்குக்கும் சேத்தே 86 கிலோதான் லோடு, ஆனா ஒத்த போல்ட் ஓட்டைக்கு 137. அதுவும் வழவழன்னு இருக்கற நல்ல ரோட்டுல. ரேஸ் டிராக் ஓரத்து மேடான கர்ப் மேல ஏறி எறங்கற அடி, வருஷக்கணக்கா வர்ற அதிர்வு இதெல்லாம் இதுல சேரல. அதே போல்ட்ட 160 மி.மீ. தள்ளி வச்சா பின் போல்ட் லோடு 780 நியூட்டனுக்கு எறங்கிடுது. ஒரு லேயர்கூட கூட்டாம, வெறும் பேப்பர்ல கோடு நகத்தியே லோட கிட்டத்தட்ட பாதியாக்கலாம்னா அத விட நல்ல டிசைன் மாத்தம் என்ன இருக்கு. அடிக்கால் இப்ப 210 மி.மீ. நீளம்.

கார்பன் மவுண்ட்னு சொன்னா எல்லாரும் எத்தன லேயர், எந்த வீவ்னுதான் கேக்கறாங்க. கேக்க வேண்டியது ஓட்டைய பத்தி.

ஜனவரி 14

லேயர் அடுக்கறத பத்தி. ஒரே திசைல ஓடற யூனிடைரக்‌ஷனல் துணி அந்த திசைல பயங்கர பலம், ஆனா என் கால் வளைஞ்சு போகுது. தட்டையா செஞ்ச ஷீட்லருந்து வளைவா வெட்டும்போது நீளவாக்குல ஓடற நூலெல்லாம் வளைவுல அறுந்து போகுது, சரியா திருப்பு விசை அதிகமா இருக்கற எடத்துல. அதனால 0, 90, கூட்டல் 45, கழித்தல் 45 எல்லா திசையும் கிட்டத்தட்ட சமமா வர்ற மாதிரி குவாசி ஐசோட்ரோபிக் அடுக்கு. 200 கிராம் ட்வில் துணி, ஒரு லேயர் தோராயமா 0.22 மி.மீ., 26 லேயர் போட்டா 6 மி.மீ.க்கு கொஞ்சம் கொறைவு. நடுக்கோட்டுக்கு மேலயும் கீழயும் கண்ணாடி பிம்பம் மாதிரி ஒரே வரிசை இருக்கணும், இல்லாட்டி ஆறும்போது தகடு முறுக்கிக்கும்.

45 டிகிரி லேயர் ஓட்டைக்கும் ரொம்ப தேவை. வெறும் நீளவாக்கு நூல் மட்டும் இருந்தா போல்ட் துணிய கிழிச்சுகிட்டு விளிம்பு வரைக்கும் போயிடும்.

நடுவுல ஃபோம் வச்சு சாண்ட்விச்சா பண்ணலாமான்னும் யோசிச்சேன். தடிமன் கூடினா வளையாத தன்மை அதோட மும்மடி (க்யூப்) கணக்குல ஏறும், 4 மி.மீ.யும் 6 மி.மீ.யும் ஒப்பிட்டா 3.4 மடங்கு, அதனால பக்கவாட்டு ஆட்டத்துக்கு ஃபோம் நல்லதுதான். ஆனா போல்ட் முறுக்கற எடத்துல ஃபோம் நசுங்கும், அங்க மட்டும் அலுமினியமோ சாலிட் லேமினேட்டோ பதிக்கணும், அந்த ஜாயிண்ட் இன்னொரு பலவீனமான எடம். இந்த சைஸ் காலுக்கு அது தேவையில்ல, முழு சாலிட்தான்.

அடில எல் மாதிரி மடிச்ச கார்பன் பாதமும் வேணாம்னு விட்டுட்டேன். அந்த மடிப்ப விரிக்கற மாதிரி லோடு வரும்போது உள் மூலைல லேயருக்கும் லேயருக்கும் நடுவுல இழுப்பு வருது, அந்த திசைல நூலே கிடையாது, துணிய ஒட்டற ரெசின் மட்டும்தான் புடிச்சிருக்கு, வாழமட்டைய உரிக்கற மாதிரி பிரிஞ்சு வந்துடும். பாதத்துக்கு அலுமினியம் ஆங்கிள்.

ஜனவரி 19

இன்ஃப்யூஷன், அதாவது காத்த உறிஞ்சி எடுத்து துணிக்குள்ள ரெசின இழுக்க வைக்கற வேலை, முடிஞ்சுது. கண்ணாடி மேல வேக்ஸ், 26 லேயர், அப்பறமா உரிச்சு எடுக்கற பீல் பிளை துணி, ரெசின் பரவறதுக்கு மெஷ், மேல காத்து புகாத பிளாஸ்டிக் பேக். ரெசின் கலக்கறதுக்கு முன்னாடி வால்வ மூடிட்டு கேஜ் முள்ளையே அர மணி நேரம் பாத்துகிட்டு இருந்தேன், கொஞ்சம் எறங்குச்சு, பேக் மடிப்புல டேப் ஒட்டின எடத்துல காது வச்சா மெல்லிசா விசில் சத்தம். அத அழுத்தி ஒட்டி மறுபடி அர மணி நேரம், முள்ளு அசையல, அதுக்கப்பறம்தான் ரெசின். இந்த பொறுமைக்கு பதிலா வேற எந்த மெஷினும் கெடையாது. லீக் இருந்தா உள்ள குமிழி, குமிழி இருந்தா அந்த எடத்துல லேயர் ஒட்டல, வெளிலருந்து பாத்தா பளபளன்னுதான் இருக்கும்.

தடிமனான அடுக்குங்கறதால ரெசின மெதுவா கெட்டியாக்கற ஸ்லோ ஹார்டனர். வேகமான ஹார்டனர் போட்டா நடுவுல சூடு ஏறி ரெசினே கெட்டுப்போகும்.

ஜனவரி 21

போஸ்ட் க்யூர், அதாவது கெட்டியான ரெசின சூட்டுல வச்சு இன்னும் உறுதியாக்கறது. இத நெறைய பேர் விட்டுடறாங்க, எனக்கு இது மனசு ஆறவே மாட்டேங்குது. ரூம் சூட்டுல ஆறின எபாக்ஸி சுமார் 50, 60 டிகிரிலயே எளக ஆரம்பிக்கும். கருப்பு பார்ட் உச்சி வெயில்ல நின்னா அந்த சூட்ட தொட்டுடும். அப்ப என்ன ஆகும்னா போல்ட்டுக்கு அடில ரெசின் மெதுவா நசுங்கும், போல்ட் டைட்டு கொறையும், டைட்டு போன ஓட்டைல போல்ட் ஆட ஆரம்பிக்கும், ஆட்டம் ஓட்டைய பெருசாக்கும். மறுபடி ஓட்டைதான். ஓவன்ல மணிக்கு 10 டிகிரி கணக்குல ஏத்தி 80ல வச்சு, அதே மாதிரி மெதுவா எறக்கினேன். எந்த ரெசின்னாலும் அதோட டேட்டா ஷீட்ல க்யூர் ஷெட்யூல் இருக்கும், அத பாத்து பண்ணுங்க.

ஜனவரி 26

வெட்டறதும் துளைக்கறதும். டயமண்ட் பிளேடு, மாஸ்க், கண்ணாடி, கையுறை, பக்கத்துலயே வேக்யூம் க்ளீனர், உரசறதெல்லாம் தண்ணி விட்டுதான். கார்பன் தூசி நுரையீரலுக்கு கெட்டது, அது போக கரண்ட் கடத்தும், லேப்டாப், சார்ஜர் எதையும் அந்த ரூம்ல வைக்காதீங்க.

ஓட்டைக்கு கார்பைட் பிட், பின்னாடி மரக்கட்ட இறுக்கி க்ளாம்ப், மொதல்ல சின்னதா போட்டு அப்பறம் ரீமர்ல சைஸுக்கு. கட்ட இல்லாம போட்டா பிட் வெளிய வர்ற பக்கம் கடைசி லேயர் பிஞ்சு வரும். லேத் வேலை பாக்கற அண்ணன் ஸ்டெயின்லெஸ்ல 8 மி.மீ. புஷ் (ஓட்டைக்குள்ள வைக்கற சின்ன குழாய்) கடஞ்சு கொடுத்தாரு, உள்ள எம்6, அதாவது 6 மி.மீ. போல்ட் போகும். "ஏன் தம்பி அலுமினியத்துலயே கடஞ்சிருக்கலாமே, வெயிட்டு கொறையுமே"ன்னாரு. கார்பனும் அலுமினியமும் ஒட்டி இருந்து ஈரம் பட்டா அலுமினியம் அரிச்சுப்போகும் அண்ணேன்னு சொன்னேன், பேட்டரி மாதிரியான்னு கேட்டாரு, அதேதான். பாதம் அலுமினியமா இருக்கறதால அங்க நடுவுல ஒரு கண்ணாடி ஃபைபர் லேயர் ஒட்டி பிரிச்சு வச்சிருக்கேன்.

ஓட்டை நடுவுலருந்து விளிம்பு வரைக்கும் புஷ் விட்டத்துல மூணு மடங்கு, 24 மி.மீ. விட்டேன். பெரிய வாஷர் ரெண்டு பக்கமும்.

பிப்ரவரி 1

லோடு டெஸ்ட். கார்ல இல்ல, ஸ்டீல் பெஞ்சுல பாதத்த போல்ட் பண்ணி விங்க மாட்டி, மேல மணல் மூட்ட. 86க்கு ரெண்டு மடங்கு, 172 கிலோ வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினேன், கயிறு கட்டி ஸ்பிரிங் தராசு வழியா பின்னாடி 30 கிலோ இழுப்பு. கார்பன் மெட்டல் மாதிரி வளைஞ்சு எச்சரிக்க கொடுக்காது, உடையறப்ப திடீர்னு உடையும், அதனால கண்ண விட காதுதான் முக்கியம், டிக் டிக்குன்னு சத்தம் வந்தா உள்ள நூல் அறுந்துட்டு இருக்குன்னு அர்த்தம். சத்தம் இல்ல. மூட்ட எல்லாத்தையும் எறக்கினதும் டயல் கேஜ் முள்ளு ஆரம்பிச்ச எடத்துக்கே வந்துடுச்சு. காசால தட்டி பாத்தேன், எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி கணீர்னு கேட்டுச்சு, லேயர் பிரிஞ்சிருந்தா அங்க மட்டும் மொத்தையா கேக்கும்.

இவ்ளோ பாக்கணுமான்னு கேக்கறவங்களுக்கு: 1969 ஸ்பானிஷ் கிராண்ட் பிரீ ஃபார்முலா 1 ரேஸ்ல, பார்சிலோனா மான்ட்ஜுயிக் டிராக்ல, கிரஹாம் ஹில், ஜோச்சன் ரிண்ட் ரெண்டு பேர் லோட்டஸ்லயும் உயர விங் உடைஞ்சு ஒரே எடத்துல மோதினாங்க, அடுத்த மொனாக்கோ ரேஸ்லயே உயர விங்க தட பண்ணிட்டாங்க. 1975ல அதே ரேஸ் டிராக்ல, கிரஹாம் ஹில்லோட சொந்த டீம் கார்ல, முன்னணில போயிட்டு இருந்த ரோல்ஃப் ஸ்டோமலனோட பின் விங் உடைஞ்சு கார் தடுப்ப தாண்டி போயி அங்க நின்னவங்க செத்தாங்க. விங் உடைஞ்சா அமுக்கிட்டு இருந்த விசை அந்த நொடியே பின் டயர்லருந்து காணாம போகுது, அதுவும் விசை அதிகமா தேவைப்படற வேகமான எடத்துல.

பிப்ரவரி 8

கார்ல ஏத்தியாச்சு. டிக்கி மூடி தகடு ஒரு மி.மீ.கூட கிடையாது, 172 கிலோ தாங்கற கால அதுல நேரா போல்ட் பண்ணா மொத்த வேலையும் வீண். உள்பக்கம் உள்கட்டு விலா மேல உக்கார்ற மாதிரி 3 மி.மீ. ஸ்டீல் பேக்கிங் பிளேட், மூடியோட லாக்கும் கீலும் ஆட்டம் இல்லாம சரி பண்ணியாச்சு. இன்னும் பெரிய விங் போடறவங்க மூடிய விட்டுட்டு சேஸிலருந்தே கால் எழுப்பறது நல்லது.

எம்6 எல்லாம் 7 நியூட்டன் மீட்டர், நைலாக் நட்டு, ஒவ்வொரு நட்டு மேலயும் போல்ட் வரைக்கும் ஒரு மஞ்ச பெயிண்ட் கோடு. கோடு வெலகியிருந்தா நட்டு திரும்பியிருக்குன்னு தூரத்துலருந்தே தெரியும். வெயில்ல எபாக்ஸி மஞ்சளாகாம இருக்க யூவி கிளியர் கோட் மேல அடிச்சிருக்கேன்.

பிப்ரவரி 15

டிராக் டே (சொந்தக் கார ரேஸ் டிராக்ல ஓட்டற நாள்) முடிஞ்சு வந்து, முறுக்கு அளவ காட்டற டார்க் ரெஞ்ச் போட்டு பாத்தேன், கார்பன்ல இருக்கற போல்ட் எல்லாம் அப்படியே இருக்கு, கோடும் வெலகல. டிக்கி மூடி பக்கம் ஒரு நட்டு மட்டும் கொஞ்சம் சுத்துச்சு, அடில பெயிண்ட் நசுங்கி எடம் விட்டிருக்கு. அந்த எடத்துல பெயிண்ட சொரண்டி, துரு புடிக்காம மெல்லிசா ப்ரைமர் மட்டும் வச்சு மறுபடி முறுக்கியாச்சு. அடுத்த தடவ ஒவ்வொரு செஷனுக்கு நடுவுலயும் அந்த நட்டதான் மொதல்ல பாப்பேன்.