யாழ்ப்பாணத்தில் எது பட்டினம், எது ஊர்: வகைபிரித்த அனுபவம்

யாழ் மாவட்டத்து இடங்களை நகரம், கிராமம் என்று வகைபிரிக்கச் சட்டப்படியான பிரிப்பில்தான் தொடங்கினோம். இலங்கையின் குடிசன மதிப்பீட்டில் மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருந்தால் மட்டுமே நகரம். யாழ் மாவட்டத்தில் அப்படி நான்குதான்: யாழ்ப்பாணம், பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, சாவகச்சேரி. பட்டின சபைகள் 1987ஆம் ஆண்டுச் சட்டத்தால், கிராமமாகக் கணக்கிடப்படும் பிரதேச சபைகளோடு சேர்ந்துவிட்டதால் சுன்னாகச் சந்தையும் கணக்கில் கிராமம். பல்கலைக்கழகம் இருக்கிற திருநெல்வேலியும் அப்படியே. இந்தப் பட்டியலை வைத்து மேலே போக முடியாது.

அடுத்தது, ஐ.நா. புள்ளிவிபர ஆணைக்குழு 2020இல் ஏற்ற கட்ட முறை. ஒரு சதுர கிலோமீற்றர் கட்டத்தில் 1,500 பேருக்கு மேல் இருந்து, அப்படியான கட்டங்கள் தொட்டுத் தொட்டு 50,000 பேரைத் தாண்டினால் அது நகர மையம். கட்டத்துக்கு 300 பேரும், சேர்த்து 5,000 பேரும் என்றால் சிறுநகரம் அல்லது புறநகர். மிச்சம் கிராமம்.

சிக்கல் சனத்தொகையைக் கட்டத்துக்குள் போடுவதில். மிகச் சிறிய நிர்வாக அலகான கிராம அலுவலர் பிரிவு முழுவதற்கும் சமமாகப் பரப்பினால் வயலும் வெறும் புல்வெளியான தரவையும் அடர்த்தியை விழுத்திவிடும். 4 சதுர கிலோமீற்றரில் 1,800 பேர் என்றால் 450தான் வரும். குடியிருப்பு 1 சதுர கிலோமீற்றருக்குள் அடங்கினால் உண்மை அடர்த்தி 1,800. அதனால் செய்மதிப் படத்தில் கூரைகளை எண்ணி, ஆட்களை வீட்டுக்குப் பங்கிட்டோம். அதிலும் இரண்டு பொறி: பனங்கூடலும் மாமரமும் கூரையை மறைக்கும், வெளிநாட்டுக்குப் போனவர்களின் பூட்டிய வீடு ஆளில்லாமலே எண்ணிக்கையில் ஏறும். கிராம அலுவலரின் குடும்பப் பதிவோடு ஒப்பிடாமல் விடக்கூடாது. வாக்காளர் இடாப்பை மட்டும் நம்புவதும் பிழை, போனவர்களின் பெயர் அதில் நிற்கலாம்.

இவ்வளவும் செய்தாலும் குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமத்தில் கோடு இழுக்க இடம் கிடையாது. வீடு, வாழைத்தோட்டம், வீடு, வெங்காயத்தறை என்றுதான் நிலம் போகிறது. அங்கே பதில் தருவது தொடர்புதான். விடியச் சந்தைக்கு மரக்கறி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, பள்ளிக்கூடத்துக்கும் கந்தோருக்கும் ஆட்கள் எங்கே போகிறார்கள், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று குறித்தோம். தூரத்தைக் கிலோமீற்றரில் எழுதாமல் நேரத்தில் எழுதவேண்டும்: பாலத்தால் போகிற புங்குடுதீவும், குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்குக் காத்திருக்கிற நெடுந்தீவும் ஒன்றல்ல. பஸ் எண்ணிக்கையை ஊர் முழுவதற்கும் கொடுப்பதும் ஏமாற்றும். காங்கேசன்துறை வீதிக் கரைக்கும் அதே ஊரின் உள் ஒழுங்கைக்கும் பெரிய வித்தியாசம். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளில் மட்டும் எதையும் எண்ணவேண்டாம், குடாநாடே ஒரு நகரமாகத் தெரியும்.