மோதிய குட்டி யானைக்கு இன்சூரன்ஸ் இல்லை

"எதிர் வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லையா? அப்படியானால் ஒன்றும் தேறாது, விட்டுவிடுங்கள்." காவல் நிலையத்தில் இதைச் சொன்னார்கள். இன்சூரன்ஸ் கிளையில் சொன்னார்கள். உறவுக்காரர்களும் சொன்னார்கள். மூன்று இடத்திலும் சொன்னது தவறு. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

மேலூர் நான்குவழிச் சாலையில் சர்வீஸ் ரோட்டுக்கு இறங்குவதற்காக வேகத்தைக் குறைத்திருந்தேன். மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் சரக்கை இறக்கிவிட்டுக் காலிக் கூடைகளோடு திரும்பிக்கொண்டிருந்த குட்டி யானை (சிறிய சரக்கு வண்டி) என் காரின் பின்னால் வந்து இடித்தது. யாருக்கும் காயமில்லை. டிக்கிக் கதவு உள்ளே போய், பம்பர் பிளந்து, இடது பக்க டெயில் லைட் நொறுங்கிப் போனது.

ஓட்டி வந்த பையன் நடுங்கிக்கொண்டே, "இன்சூரன்ஸ் இருக்கிறது அக்கா" என்று நான்காக மடித்த ஜெராக்ஸ் ஒன்றை நீட்டினான். மற்றதெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. முடிவுத் தேதி மட்டும் மடிப்பில் விழுந்து, மை உதிர்ந்து வெள்ளையாகக் கிடந்தது. வண்டி விவரங்களைக் காட்டும் அரசாங்கத்தின் எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தேன். இன்சூரன்ஸ் முடிந்து ஓராண்டுக்கும் மேலாகியிருந்தது. அந்தத் திரையை நேரத்தோடு அப்படியே சேமித்துக்கொண்டேன். இரண்டு வண்டிகளையும் நகர்த்துவதற்கு முன், நம்பர் பிளேட் தெரியும்படி படம் எடுத்தேன். பையனின் லைசென்ஸையும் ஆர்.சி.யையும் கூடப் படம் பிடித்தேன். இதை யாரும் தள்ளிப்போடாதீர்கள். வண்டி நகர்ந்த பிறகு பேச்சு மாறிவிடும்.

ஆர்.சி.யில் இருந்த பெயர் வேறொருவருடையது. நஷ்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஓட்டியவர் மட்டுமல்ல, உரிமையாளரும்தான். கூலிக்கு ஓட்டும் பையனிடம் எகிறி என்ன பயன்? உரிமையாளர் தொலைபேசியில் மூவாயிரம் ரூபாய் தருவதாகவும், வாங்கிக்கொண்டு கிளம்பும்படியும் சொன்னார். நான் காவல் நிலையத்துக்குப் போனேன்.

அங்கே எழுத்து வேலைகளைப் பார்க்கும் காவலரான ரைட்டர் முதலில் கேட்டது, "வீட்டுக்காரர் வரவில்லையா மேடம்? அவரை வரச் சொல்லுங்கள், பேசி முடித்துவிடலாம்." ஆர்.சி. என் பெயரில், பாலிசி என் பெயரில், ஓட்டியதும் நான். அதைச் சொன்னதும் கோப்பிலிருந்து ஏற்கெனவே அடித்து வைத்திருந்த தாளை எடுத்து வைத்தார். இரு தரப்பும் சமாதானமாகப் போவதாகவும், மேற்கொண்டு நடவடிக்கையோ இழப்பீடோ தேவையில்லை என்றும் அதில் இருந்தது. பெயர் எழுத வேண்டிய இடம் மட்டும் காலி. கையெழுத்துப் போட்டால் உடனே வீட்டுக்குப் போகலாம் என்றார்.

அந்தத் தாளில் எந்தக் காரணத்துக்காகவும் கையெழுத்துப் போடாதீர்கள். நமக்குப் பணம் கொடுத்த பிறகு, இடித்தவரிடம் அதை வசூலிக்கும் உரிமை நம் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு உண்டு. இழப்பீடே வேண்டாம் என்று நாமே எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த உரிமை அடிபடும், நம் கிளெய்மை நிராகரிக்கவும் அது ஒரு சாக்காகிவிடும். புகாரை எழுதி, விபத்து நடந்த நேரத்தைக் குறிப்பிட்டு, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கேட்டேன். எஃப்.ஐ.ஆர். போடும் அளவுக்கு இதில் ஒன்றுமில்லை என்றார்கள். ரசீதையாவது கொடுங்கள் என்று பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். இருட்டிய பிறகு கொடுத்தார்கள். நேரம் அதில் இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பார்த்துத்தான் எழுந்தேன்.

அந்த நேரம் எவ்வளவு முக்கியம் என்பது மறுநாள் தெரிந்தது. உரிமையாளர் புத்தம்புது பாலிசியோடு நிலையத்துக்கு வந்து, இன்சூரன்ஸ் இருக்கிறது, அந்த அம்மா பொய் சொல்கிறார் என்று வாதாடினார். பாலிசியின் முதல் பக்கத்தில் காப்பு எப்போது தொடங்குகிறது என்று தேதியும் நேரமும் இருக்கும். விபத்து முந்தைய நாள் பிற்பகல். அவருடைய காப்பு தொடங்குவது அன்று நள்ளிரவு. என் கைப்பேசியில் இருந்த எம்-பரிவாகன் படத்தையும் சி.எஸ்.ஆர். ரசீதையும் அந்த வரிக்குப் பக்கத்தில் வைத்தேன். அதன் பிறகு ரைட்டர் என்னிடம் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்கவில்லை.

அடுத்தது என் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் கிளை. எதிர் வண்டியின் பாலிசி நகலும் எஃப்.ஐ.ஆர்.-உம் இல்லாமல் கிளெய்ம் பதிய முடியாது என்று முன்னால் இருந்தவர் அடித்துச் சொன்னார். என்னிடம் இருந்தது முழுக் காப்பு பாலிசி. அதில் சொந்த வண்டிச் சேதத்துக்கென்று தனியாகப் பிரீமியம் கட்டியிருக்கிறேன். எதிர் வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் பகுதியில் எனக்குப் பணம் வர வேண்டும். "முடியாது என்பதை எழுதிக் கொடுங்கள், இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்தில் புகாராகப் போடுகிறேன்" என்றேன். உள்ளே போய்விட்டு வந்தவர், சி.எஸ்.ஆர். போதும் என்று சொல்லிக் கிளெய்ம் எண்ணைக் கொடுத்தார். வாயால் சொல்லும் மறுப்பை ஏற்றுக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி கிடையாது, அவர்கள் நேராக உரிமையாளரைத்தான் பிடிக்க வேண்டும்.

சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்தார், பார்த்தார். டிங்கரிங், பெயிண்டிங் எல்லாம் நன்றாகவே நடந்தது.

பில் 48,000 ரூபாய். நிறுவனம் கொடுத்தது 33,100. பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானமாகப் பாதி கழிவு. ஐந்து வயது தாண்டிய காரின் இரும்புப் பாகங்களுக்கு 40 சதவீதம் கழிவு. பெயிண்டிலும் கொஞ்சம் போனது. கட்டாயப் பிடித்தமாக 1,000. தேய்மானக் கழிவு இல்லாத கூடுதல் காப்பை இந்த வயதுக் காருக்கு என் நிறுவனம் தருவதில்லை. இதோடு, கிளெய்ம் எடுக்காமல் ஆண்டுக்கணக்கில் சேர்த்த 50 சதவீத நோ கிளெய்ம் போனஸும் (பிரீமியத் தள்ளுபடி) பூஜ்ஜியமாகிவிட்டது. அதன் மதிப்பு 3,500. பில்லில் கிடைக்காத 14,900-ஐயும் சேர்த்தால், ஆக என் நஷ்டம் 18,400 ரூபாய். பின்னால் வந்து இடித்தவர் தர வேண்டிய பணத்தை நான் ஏன் சுமக்க வேண்டும்?

உரிமையாளரிடம் கணக்கைக் காட்டினேன். "தங்கச்சி, இன்சூரன்ஸ் இல்லை என்று 2,000 அபராதம் கட்டிவிட்டேன், அதோடு முடிந்தது" என்றார். முடியவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 196-வது பிரிவின் கீழ் கட்டும் அபராதம் அரசாங்கத்துக்குப் போகிறது. இடிபட்ட வண்டிக்காரருக்கு அதில் ஒரு பைசா கிடையாது, அவர் தர வேண்டிய நஷ்டஈடு அப்படியே நிற்கிறது.

விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வாகனச் சேதத்துக்கும் மனு போடலாம். ஆனால் விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தத் தொகைக்கு வழக்கு நடத்தினால் அலைச்சல்தான் மிஞ்சும் என்று தெரிந்த வழக்கறிஞர் ஒருவர் சொல்லி, மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு அனுப்பினார். வழக்கு போடுவதற்கு முன்பே அங்கே மனு கொடுக்கலாம். கட்டணம் கிடையாது. எதிர்த்தரப்புக்கு அவர்களே நோட்டீஸ் அனுப்புகிறார்கள். அலைந்த இடங்களிலேயே என்னை உட்காரச் சொல்லிப் பேசிய இடம் இதுதான். மனுவை எப்படி எழுத வேண்டும் என்றுகூட ஒரு பெண் ஊழியர் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார்.

ஒரு விஷயம்: எதிர்த்தரப்பு வராமலே இருந்துவிட்டால் இங்கே கட்டாயப்படுத்த முடியாது. ஆகவே ஆறு மாதக் கெடுவை நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொண்டுதான் காத்திருக்க வேண்டும். அந்த உரிமையாளர் முதல் அமர்வுக்கு வரவில்லை. மறுபடியும் நோட்டீஸ் போனதும், ஒரு மைத்துனரை அழைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கொஞ்சம் இழுபறிக்குப் பிறகு 16,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டார், இரண்டு தவணையில். நானும் சரி என்றேன்.

இந்த ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் பதிவாகும் உடன்பாடு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. கொடுக்காவிட்டால் நிறைவேற்று மனு போட்டு வசூலிக்கலாம். அதனால் தவணைத் தேதிகளையும், ஒன்று தவறினாலும் மீதி முழுவதையும் உடனே கட்ட வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதச் சொன்னேன். மைத்துனர் முகம் சுளித்தார். ஆனாலும் எழுதினார்கள். முதல் தவணை அங்கேயே கைக்கு வந்தது. இரண்டாவது, தவணைத் தேதிக்கு முந்தைய நாள் மாலையில் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்தது.