நாலடி பத்து அங்குலத்துக்கு ஒரு வெள்ளைக் கவுன்

என் உயரம் நாலடி பத்து அங்குலம். மார்புச் சுற்று 38. இதை இப்படி நேராக எழுத எனக்குப் பல வருஷம் பிடித்தது. கல்யாண உடுப்புத் தேடிய நாட்களில், என்னைப் போல உடம்புக்காரி யாராவது தமிழில் எழுதி வைத்திருக்கிறாளா என்று இரவிரவாகப் போனில் தேடினேன். நெட்டையான, ஒடிசலான பெண்களின் படங்கள்தான் வந்தன. அதனால் நான் பட்டுத் தெரிந்துகொண்டதை அளவுகளோடு எழுதுகிறேன். குள்ளமாய், நெஞ்சு கனத்துப் பிறந்த தங்கச்சி ஒருத்திக்குக் கண்டிக்குப் போய்வரும் ஒரு பஸ் பயணமாவது மிச்சமானால் போதும்.

கல்யாணம் 2024 ஜனவரி 27, சனிக்கிழமை. அந்த வருஷம் பெப்ரவரி 14 விபூதிப் புதன், தவக்காலம் தொடங்கும் நாள். தவக்காலத்துக்குள் போகக் கூடாது, கிறிஸ்மஸுக்கு முந்திய திருவருகைக் காலத்திலும் வேண்டாம் என்று பெரியவர்கள் சொன்னதில் மிஞ்சியது ஜனவரிதான். இலங்கை மலைநாட்டில், டிக்கோயாப் பக்கத்தில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள்.

நான் பள்ளிக்கூட டீச்சர். எட்டு வருஷமாய்த் தினமும் சாரி கட்டுகிறேன். வெள்ளைச் சாரி கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போவது எனக்கு ஒரு வேலையே இல்லை. அம்மாவும் அதைத்தான் சொன்னார். ஆனால் எனக்குக் கவுன்தான் வேண்டும் என்று இருந்தது. காரணம் சொன்னால் சின்னப் பிள்ளைத்தனமாகத் தெரியலாம். சின்ன வயதில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய அன்று ஒரு வெள்ளைக் கவுன் போட்டிருந்தேன். உடம்பைப் பற்றிய நினைப்பே இல்லாமல் நான் போட்ட கடைசி உடுப்பு அதுதான். பன்னிரண்டு வயதுக்குப் பிறகு எதைப் போட்டாலும் ஷோலை இழுத்து விட்டு, தோளைக் குறுக்கித்தான் நடந்திருக்கிறேன். கல்யாணத்தன்றாவது அப்படி நடக்கக் கூடாது என்று நினைத்தேன்.

நவம்பரில் அம்மாவும் மதினியும் நானும் கண்டிக்குப் போனோம். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து வளைந்து போகும் பஸ். அம்மாவுக்கு வழியெல்லாம் குமட்டல். வாடகைக்குக் கவுன் கொடுக்கும் ஒரு கடையில் ஆறு கவுன் போட்டுப் பார்த்தேன். தோள்பட்டி இல்லாதது முதலில். பின்னால் சிப் பாதியில் நின்றுவிட்டது. அடுத்த சைஸ் கொண்டு வந்தார்கள். நெஞ்சுக்குச் சரியாய் வந்தது, முதுகில் நான்கு விரல் இடைவெளி. கையால் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டியிருந்தது. அடுத்தது, அடுக்கடுக்காய் நெட் வைத்து விரிந்த பெரிய கவுன். மதினி எடுத்த போட்டோவில் முகமும் துணியும்தான் இருந்தன. கழுத்து வரை மூடிய லேஸ் கவுனில் தொண்டையிலிருந்து இடுப்பு வரை ஒரே வெள்ளைச் சுவர். நெஞ்சுக்குக் கீழேயே தையல் வைத்து அங்கிருந்து துணி இறங்கும் மாதிரி ஒன்று. அது நெஞ்சின் மேட்டிலிருந்து கூடாரம்போல் விழுந்து, பிள்ளைத்தாய்ச்சிபோல் காட்டியது. மற்ற இரண்டையும் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

அந்தக் கடைப் பிள்ளை, "மிஸ், இது ஒங்களுக்கு வராது, கொஞ்சம் மெலிஞ்சிட்டு வாங்க" என்றாள். என் இடுப்பு 29 அங்குலம். மெலிந்தாலும் அந்தக் கவுன் எனக்கு வந்திருக்காது என்று இன்றைக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியவில்லை. திரும்பும்போது கம்பளை வெக்கையிலும் ஷோலைப் போர்த்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

விஷயத்தை எனக்குப் புரிய வைத்தது சித்தி மகள். எங்கள் தேயிலைத் தோட்டங்களிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் போனதுபோல அவளும் கட்டுநாயக்க சோனுக்கு, கார்மெண்ட் வேலைக்குப் போனவள். ஆறு வருஷமாய்ப் பிரா தைக்கும் லைனில் இருக்கிறாள். லீவில் வந்தவள் என் கதையைக் கேட்டுவிட்டு, "அக்கா, மொதல்ல நீங்க உள்ள என்ன சைஸ் போடுறீங்க?" என்றாள். 38, பீ கப் என்றேன். ஹட்டனில் கேட்டால் எடுத்துத் தருவது அதுதான். அவள் இன்ச் டேப்பை எடுத்தாள். மார்புக்குக் கீழே, விலா எலும்போடு ஒட்டி 32. மார்பின் உச்சியில் 38. "ஆறு அங்குலம் வித்தியாசம். நம்பர் கீழ்ச் சுற்று, கப்பு எழுத்து அந்த வித்தியாசம். பிரிட்டன் கணக்கில நீங்க 32, ஈ கப்பு" என்றாள்.

பாரத்தைத் தாங்குவது தோள்பட்டி இல்லையாம், கீழே சுற்றி வரும் பட்டிதானாம். பட்டி தளர்ந்தால் முதுகுப் பக்கம் மேலே ஏறும், முன்பக்கம் இறங்கும், பாரமெல்லாம் தோளுக்குப் போகும். என் தோளில் பதினைந்து வருஷமாய் இருந்த பள்ளம் அதனால் வந்தது. நான் ஏதோ என் உடம்பின் குறை என்று நினைத்திருந்தேன். உலகத்துக்கே பிரா தைத்து அனுப்புகிற நாடு இது. அதைத் தைக்கிற பிள்ளைகளின் அக்கா தங்கச்சிமாருக்கு மலைநாட்டுக் கடையில் சரியான அளவு கிடைக்காமல் இருப்பது எனக்கு இன்னும் வலிக்கிறது. கடைசியில் அவள்தான் கொழும்பில் தேடி இரண்டு வாங்கி பஸ்ஸில் கொடுத்து அனுப்பினாள்.

அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தபோது எனக்கு இடுப்பு இருந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. தோளிலிருந்து மார்பு முனை வரை பழையதில் பதினொன்றரை அங்குலம், புதியதில் பத்து. அந்த ஒன்றரை அங்குலம் மேலே போனதும் விலாவும் வயிறும் வெளியே வந்தன. குள்ளமான உடம்பில் ஒன்றரை அங்குலம் பெரிய நிலம். ஆகவே கவுனோ சாரியோ, பார்க்கப் போகும் முன் இதைச் சரிசெய்துகொள்ளுங்கள். கல்யாணத்தன்று எதைப் போடுவீர்களோ அதைப் போட்டுக்கொண்டே எல்லா அளவும் கொடுங்கள்.

பிறகு நோர்வூட்டில் தையல் டீச்சரிடம் போனேன். ஊரில் பாதிப்பேருக்குத் தையல் பழக்கியவர், அறுபது வயதிருக்கும். என்னைச் சுற்றி ஒருமுறை நடந்தார். "நிமிந்து நில்லு புள்ள" என்றார். நின்றேன். அக்குளோடு ஒட்டி மார்புக்கு மேலே ஒரு சுற்று எடுத்தார், 34. உச்சியில் 38. பின்கழுத்து எலும்பிலிருந்து இடுப்பு வரை 14. கொப்பியில் எழுதிவிட்டு, "ஒனக்கு சைஸ் ஒன்னு இல்ல, ரெண்டு. முன்னுக்கு 38, பின்னுக்கு 34. கடைக்காரன் ஒன்ன வச்சுத்தான் வெட்டுவான்" என்றார்.

கண்டியில் நடந்தது முழுவதும் அந்த இரண்டு வரியில் விளங்கியது. ஆயத்தக் கவுன்கள் பெரும்பாலும் என்னைவிட நெட்டையான, நடுத்தர மார்புள்ள பெண்ணுக்கு வெட்டப்படுகின்றன. மார்புக்குப் பொருந்தட்டும் என்று பெரிய சைஸ் எடுத்தால் தோளும் முதுகும் கைக்குழியும் சேர்ந்து பெரிதாகின்றன. இடுப்புத் தையல் என் இடுப்பெலும்பில் போய் உட்காருகிறது. அதன்பிறகு ஊசி குத்திப் பிடித்து என்ன பயன்?

அவர் செய்ததை மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். ஞாயிறு வீரகேசரித் தாளை விரித்து 34க்கு முன்பாகத்தில் ஒரு பாதியை வரைந்து வெட்டினார். மார்பு முனைக்குச் சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி. தோளிலிருந்து அந்தப் புள்ளி வழியாகக் கீழ்வரை கத்தரியை ஓட்டினார். இரண்டு துண்டையும் புள்ளி இருக்குமிடத்தில் இரண்டு அங்குலம் விலக்கி, இடையில் வேறு தாளை ஒட்டினார். தோள் பக்கம் அப்படியே, புள்ளியில் மட்டும் அகலம். இடுப்புக்கு மேலே ஒன்றரை அங்குலத்தை மடித்துக் குறைத்தார். பின்பாகத்தில் அகலத்தைத் தொடவேயில்லை, அந்த மடிப்பை மட்டும் போட்டார். பிறகு பழைய பெட்ஷீட்டில் வெட்டி ஓட்டுத்தையல் போட்டு என்னை உடுக்கச் சொன்னார். நீலப்பூப் போட்ட பெட்ஷீட். அதில்தான் முதன்முதல் என் அளவுக்கு வெட்டிய உடுப்பொன்றை உணர்ந்தேன். எங்கேயும் பிடிக்கவுமில்லை, எங்கேயும் தொங்கவுமில்லை. அந்தப் பெட்ஷீட்டில் கொஞ்சம் அழுதேன். டீச்சர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

கவுனின் அமைப்பு: பிரின்சஸ் கட். தோளில் தொடங்கும் தையல் மார்பு முனை வழியாகக் கீழ்மடிப்பு வரை ஒரே கோடாய் இறங்கும். இடுப்பில் குறுக்குத் தையலே இல்லை. குள்ளமான உடம்பில் குறுக்கே போகிற ஒவ்வொரு கோடும் ஆளை வெட்டும். நெடுக்கே போகிற கோடு நீட்டும். பாவாடை ஏ-லைன், கீழே போகப் போக விரிவது, சுருக்கு இல்லை. கழுத்து வீ வடிவம், ஐந்து அங்குல ஆழம், அடியில் மெல்லிய லேஸ். கழுத்தை மூடினால் மார்பு இன்னும் பெரிதாகத்தான் தெரியும். மறைக்கிறோம் என்று நினைத்து நான் பள்ளிக்கூடத்துக்குப் போட்ட மூடிய கழுத்து ஜாக்கெட்டெல்லாம் எதிர் வேலைதான் செய்திருக்கின்றன. ஆனால் ஆழத்தை நின்றுகொண்டு மட்டும் முடிவு செய்யாதீர்கள். பீடத்தின் முன் முழந்தாளிட வேண்டும், குனிந்து கையெழுத்துப் போட வேண்டும். டீச்சர் வீட்டுச் சீமெந்துத் தரையில் பத்துத் தடவை முழந்தாளிட்டுப் பார்த்தேன்.

உடுப்பின் கை விஷயம் யாரும் சொல்ல மாட்டார்கள். கை முடிகிற இடம் மார்பு மட்டத்தில் வந்தால் இரண்டும் சேர்ந்து அங்கே ஒரு அகலக் கோடு விழும். அதற்கு மேலேயோ, முழங்கைக்குக் கீழேயோ முடிய வேண்டும். நான் முழங்கைக்கு இரண்டு அங்குலம் கீழே லேஸ் கை வைத்தேன். ஜனவரிக் குளிருக்கும் அது நல்லது.

துணி மினுக்கமில்லாத கிரேப். சாட்டின் மினுமினுப்பு, மேடான இடத்தில் ஒளியை வாங்கி போட்டோவில் அதையே முன்னே தள்ளும். லேஸில் பூ சின்னது, கட்டைவிரல் நகமளவு. நெஞ்சில் கல்லோ முத்தோ எதுவும் இல்லை. உள்ளே இடுப்பில் அழுத்தமான நாடா ஒன்று வைத்துக் கொக்கி போட்டார். கவுனின் பாரம் தோளுக்குப் போகாமல் அதில் நின்றது. தோளின் உட்பக்கம் பிராப் பட்டியைப் பிடிக்கச் சின்ன ஊக்குப் பட்டி. நீள வால் வேண்டாம் என்று நானே சொன்னேன், எங்கள் கோயிலுக்கு ஏறப் படியும் புல்லும் உண்டு, காலையில் எல்லாம் பனியில் நனைந்திருக்கும். தலை நெட்டும் விரல்நுனி வரைதான். இரண்டரை அங்குலக் கட்டைக் குதிச் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் கீழ்மடிப்பு அளந்தோம்.

துணியையும் லேஸையும் டிசம்பரிலேயே வாங்கிவிட்டோம், ஜனவரி 1 முதல் வற் வரி 15இலிருந்து 18 சதவீதமாகிறது என்று மதினி அவசரப்படுத்தினார். எல்லாம் 38,000 ரூபா, தையல் கூலி 22,000. கண்டியில் ஒருநாள் வாடகையே 70,000 கேட்டார்கள்.

நகையிலும் ஒன்று கவனியுங்கள். தாலிக்கொடி நீளமாயிருந்தால் மார்பின் மேட்டிலிருந்து அந்தரத்தில் ஆடும். பதினெட்டு அங்குலத்தில் எடுத்தேன், மேட்டுக்கு மேலேயே அடங்கி நின்றது. பூச்செண்டும் சின்னதுதான். ஓடையோரத்தில் வளரும் வெள்ளை ஆரம் லில்லி ஏழு, ஒரு ரிப்பன். தொப்புள் மட்டத்தில் பிடிக்க வேண்டும். நெஞ்சு வரை தூக்கினால் உழைத்துத் தைத்த இடுப்பெல்லாம் மறைந்துவிடும்.

மாலைக்கு மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த கூறை. அத்தை ஆசையாய் எடுத்த அரக்குப் பட்டு, ஒன்பது அங்குல பார்டர். அவ்வளவு பெரிய பார்டர் என் உயரத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கைத் தின்றுவிடும். ஆனால் அதை மாற்றச் சொல்ல எனக்கு மனமில்லை, அத்தை அதற்காகச் சீட்டுக் காசை எடுத்திருந்தார். ஜாக்கெட்டை அதே அரக்கு நிறத்தில், அதே முன் 38, பின் 34 கணக்கில் தைத்தோம். முந்தானையை விரித்து விடாமல் நாலு விரல் அகலத்துக்கு மடித்து தோளில் குத்தினோம். கொசுவத்தையும் ஒடுக்கமாய் வைத்தோம். நன்றாகத்தான் இருந்தது.

காலை பத்து மணித் திருப்பலி. படியேறும்போது பனிமூட்டம் இன்னும் தேயிலை மேலே கிடந்தது. அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். ஷோல் இல்லை, கையால் இழுத்துவிட எதுவும் இல்லை. பாதி வழியில்தான் என் தோள் பின்னால் போயிருப்பது எனக்கே தெரிந்தது.

அம்மாவுக்கும் என் உடம்புதான், அல்லது எனக்கு அவருடையது. முப்பது வருஷம் கொழுந்தெடுத்தவர். ஜாக்கெட் அக்குளில் கிழிவதும், கை தூக்கினால் மேலே ஏறுவதும் அவருக்கு வழக்கமாகிப் போனது. ஊக்குக் குத்திக்கொண்டே மலைக்குப் போவார். கல்யாணத்துக்கு முதல் வாரம் தையல் டீச்சர் அம்மாவையும் நிற்க வைத்து அளந்தார். முன் 42, பின் 37. சாம்பல் நிறத்தில் ஒரு ஜாக்கெட். அம்மா அதைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியைப் பார்க்காமல், கொழுந்துக் கூடையை முதுகில் ஏற்றுவதுபோல் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினார். இறக்கினார். மறுபடியும் தூக்கினார்.

"ஏறல" என்றார்.