லாலிபெலாவுக்குப் புறப்படுமுன்

எத்தியோப்பியாவின் வடக்கு மலைநாட்டில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,500 மீட்டர் உயரத்தில் இருக்கிற, பாறையில் குடைந்த கிறிஸ்தவக் கோயில்களுக்குப் பேர்போன லாலிபெலாவுக்கு எப்போது போவது என்று நானும் அக்காவும் பேசத் தொடங்கியபோது, விமானக் கட்டணம் எந்த மாதத்தில் குறைவு என்றுதான் நான் முதலில் பார்த்தேன். "நோன்பு என்னைக்குத் தொடங்குதுன்னு பாரு தம்பி, டிக்கெட் அப்புறம்" என்றார் அக்கா. ஆண்டுதோறும் வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிறவர் அவர். திருத்தலம் என்றால் உடம்பு முதலில் ஆயத்தமாக வேண்டும் என்பது அவருடைய கணக்கு.

எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் கிறிஸ்து பிறப்பு விழாவுக்குக் 'கென்னா' என்று பெயர். அது ஜனவரி 7. அதற்கு முன் நவம்பர் இறுதியில் தொடங்கி நாற்பது நாளுக்கு மேல் நோன்பு. இறைச்சி மட்டுமல்ல, பால், நெய், முட்டையும் விலக்கு. அக்கா வீட்டிலேயே அந்த நோன்பைத் தொடங்கிவிட்டார். அங்கே போனபின் அது பெரும் வசதியாயிற்று. தெஃப் தானிய மாவைப் புளிக்கவைத்துச் சுடும் இஞ்சேராவின் மேல் பருப்பும் கீரையும் கடலைமாவுக் குழம்பும் வைத்துத் தருவதைச் சைவ உணவுக்காரர்கள் மனநிறைவோடு உண்ணலாம். ஆனால் விழா நாளன்று நோன்பு முடிந்து ஊரே கோழிக் குழம்பு சமைப்பதால், நம்மவர்கள் அன்றைக்குக் கொஞ்சம் அவலோ பேரீச்சையோ கையில் வைத்துக்கொள்வது நல்லது.

பயண ஏற்பாடுகளில் இரண்டை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எத்தியோப்பியாவிலிருந்து இந்தியா திரும்பும்போது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழைக் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அந்தச் சான்று செல்லும் என்பதால் கடைசி வாரத்தில் ஓடிப் பயனில்லை. இன்னொன்று, நாட்டு நிலவரம். நாங்கள் போனது 2019 ஜனவரியில். அதன்பின் அரசுக்கும் திக்ரே மாநிலப் படைகளுக்கும் நடந்த போரில் 2021-இல் லாலிபெலா கைமாறி மீண்டது. 2023-இலிருந்து, லாலிபெலா இருக்கிற அம்ஹாரா மாநிலத்தில் அரசுப் படைகளுக்கும் ஃபானோ என்னும் ஆயுதக் குழுக்களுக்கும் இடையே மோதல். ஆகவே, அன்றைய நிலையில் அந்த ஊருக்குப் போகலாமா என்று நம் வெளியுறவுத் துறையின் அறிவிப்பைப் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம். வழி எளிது: அடிஸ் அபாபாவிலிருந்து உள்நாட்டு விமானத்தில் சுமார் ஒரு மணி நேரம், பிறகு மலைப்பாதையில் வண்டி. விழாவுக்குச் சில நாள் முன்பே சேர்ந்துவிட்டால் தங்க இடமும் கிடைக்கும், மெல்லிய காற்றுக்கு மூச்சும் பழகும்.

நாங்கள் வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தோம். மறுநாள் திருப்பலி காலை பதினொரு மணிக்கு என்று கோயில் வாசலில் ஓர் இளைஞர் ஆங்கிலத்தில் சொன்னார். நிதானமாகக் குளித்து, பத்தரைக்குப் போனால், எல்லாம் முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே பொழுது விடியும்போது பன்னிரண்டு மணி; நம் ஆறு மணி அவர்களுக்குப் பன்னிரண்டு, நம் ஐந்து மணி அவர்களுக்குப் பதினொன்று. ஆண்டும் அப்படித்தான், நமக்கு 2019 ஆகியிருக்க, அவர்களுக்கு அது 2011. இந்தச் செய்தியை நான் படித்திருந்தும் கோட்டைவிட்டேன் என்பதால் அக்கா அன்று மாலைவரை என்னிடம் அதிகம் பேசவில்லை.

கோயில்கள் மொத்தம் பதினொன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆண்ட ஸாக்வே மரபின் அரசர் லாலிபெலா, பகலில் மனிதரையும் இரவில் வானதூதரையும் கொண்டு குடைவித்தார் என்பது பக்தர்களின் நம்பிக்கை. எல்லாம் ஒரே ஆட்சியில் குடையப்பட்டிருக்க முடியாது என்று ஆய்வாளர் சிலர் கருதுகிறார்கள். தொலைதூர எருசலேமுக்குப் பதிலாக இங்கேயே ஓர் எருசலேம் என்ற எண்ணத்தில், ஊருக்குள் ஓடும் ஓடைக்கும் யோர்தான் என்றே பெயர். கழுகுமலை வெட்டுவான் கோயிலைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை உடனே புரியும். கட்டியெழுப்பியதல்ல, மலையின் மேலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கிப் பிரித்தெடுத்தது. பேதே கியோர்கிஸ் என்னும் புனித ஜார்ஜ் கோயிலின் கூரை, தரைமட்டத்தில் ஒன்றுக்குள் ஒன்றாய்ச் செதுக்கிய சிலுவைகளோடு கிடக்கிறது. விளிம்புவரை போனால்தான் கீழே பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில் அதன் அடி தெரியும். கோபுரத்தை அண்ணாந்து பார்த்தே பழகிய கழுத்துக்குக் குனிந்து தேடுவது புதிதாக இருந்தது.

எந்தக் கோயிலிலும் செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே விரித்திருக்கும் பழைய கம்பளங்களில் தெள்ளுப்பூச்சி உண்டு. தடித்த காலுறை கொண்டுபோங்கள். நான் போட்டுக்கொண்டேன். அக்கா மறுத்துவிட்டு, இரவெல்லாம் கணுக்காலில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

கிழக்குத் தொகுதியில் ஒரு நீண்ட இருட்டுச் சுரங்கம் இருக்கிறது. நரகத்தைக் கடப்பதற்கு ஒப்பானது, விளக்கில்லாமல்தான் கடக்க வேண்டும் என்று வழிகாட்டி என் கைபேசி விளக்கை அணைக்கச் சொன்னார். ஒரு கையால் சுவரைத் தடவியபடி, மறு கையால் தலைக்கு மேல் பாறை இடிக்காமல் பார்த்துக்கொண்டு நடந்தோம். ஆயிரமாயிரம் கைகள் பட்டு அந்தச் சுவர் ஓரிடத்தில் எண்ணெய் பூசியதுபோல் வழவழத்தது. முன்னால் அக்கா செபமாலை சொல்லும் குரல் மட்டும் கேட்டது. நான் அதைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்தேன்.

கென்னாவுக்கு முந்தின இரவு, பல நாள் நடந்து வந்திருந்த வெள்ளாடை மக்கள் கோயில்களைச் சுற்றிய மேடுகளில் எல்லாம் மெழுகுவர்த்தியோடு விழித்திருந்தார்கள். நல்ல குளிர். விடிந்தபின் பேதே மரியாம் என்னும் மாதா கோயிலில் 'பேஸா குலு' பாடல் தொடங்கியது. பள்ளத்தின் விளிம்பில் ஒரு வரிசைக் குருக்கள், கீழே முற்றத்தில் இன்னொரு வரிசை. மேலே நிற்பவர்கள் வானதூதர்கள், கீழே நிற்பவர்கள் மண்ணுலகத்தார். கைத்தடிகளை உயர்த்தித் தாழ்த்தி, பெரிய முரசின் அடிக்கு உடம்பை மெல்ல அசைத்து, மேலிருந்து ஓர் அடி, கீழிருந்து ஓர் அடி என்று அவர்களுடைய பழைய வழிபாட்டு மொழியான கீஸில் பாடினார்கள். ஒரு சொல்லும் விளங்கவில்லை. அக்காவின் உதடுகள் மட்டும் எதையோ அதே தாளத்தில் சொல்லிக்கொண்டிருந்தன.

முரசு நின்றதும் அவர் என் பக்கம் திரும்பி, "இப்ப இவங்களுக்கு மணி என்ன?" என்று கேட்டார். என் கைக்கடிகாரத்தில் ஒன்பது. மூன்று என்றேன்.