ஒரு கிலோ வத்தல், ஆறு கிலோ பில்

அம்மா போடும் கூழ் வத்தலுக்கு மன்னார்குடிக்கு வெளியேயும் ஆள் இருக்கிறது என்று கண்டுபிடித்தது சித்திதான். சென்னைக்கு எடுத்துப்போன ரெண்டு கிலோ, அபார்ட்மெண்டில் ஒரே நாளில் காலி. "ஒரு வெப்சைட் போட்டுடு, நீதான் கம்ப்யூட்டர் படிச்சவளாச்சே" என்று போனிலேயே உத்தரவு வந்துவிட்டது. நான் பார்ப்பது டெஸ்டிங் வேலை. அடுத்தவர் கட்டிய வீட்டில் எங்கே ஒழுகுகிறது என்று சொல்லத் தெரியும். செங்கல் வைக்கத் தெரியாது. இதைச் சித்திக்குப் புரியவைப்பதற்குள் நாலு வெப்சைட் கட்டிவிடலாம்.

பெயர் வைக்கவே மூணு நாள். வத்தலுக்கு இங்கிலீஷில் டி ஒன்றா இரண்டா, ஹெச் உண்டா? அப்பா ரிட்டயரான தமிழாசிரியர். "வத்தலே தப்பு, வற்றல்" என்று புதுக் கிளை பிரித்தார். தமிழிலேயே முகவரி வைக்கலாம், டாட் இந்தியா என்றே இருக்கிறது என்று நான் வாயைத் திறந்ததும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அம்மா, "அதை யாருடி டைப் பண்ணுவா?" என்று கேட்டு முடித்துவைத்தாள். அம்மா பெயரோடு டாட் இன். முதல் வருஷம் 99 ரூபாய். அடுத்த வருஷம் எவ்வளவு என்பது பொடி எழுத்தில் இருந்ததால் எனக்குத் தெரியவில்லை, அதாவது அப்போது.

சாப்பாட்டுச் சாமான் என்பதால் எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவும் வேண்டும். வருஷ விற்பனை 12 லட்சத்துக்குள் என்றால் வருஷத்துக்கு 100 ரூபாய்தான், 14 இலக்கத்தில் ஒரு எண் தருவார்கள் என்று அப்போது இருந்த விதியைப் படித்துக் காட்டினேன். "பன்னெண்டு லட்சமா! அவ்வளவு காயப்போட ஊர் மொட்டைமாடி பூரா பத்தாது" என்றாள் அம்மா.

வெப்சைட் கட்ட உதவும் வேர்ட்பிரஸில் இலவசமாகக் கிடைத்த டிசைன் ஏதோ இத்தாலி ஓட்டலுக்குச் செய்தது. பீட்சா படத்தை எடுத்துவிட்டு வத்தலைப் போட்டேன். எவர்சில்வர் தட்டில் வத்தல், பக்கத்தில் ஒரு கொத்து கறிவேப்பிலை. நன்றாகத்தான் வந்திருந்தது. வெளியிட்டு ரெண்டு நாள் கழித்துச் சித்தி கூப்பிட்டு, "தட்டு ஓரத்துல நைட்டியோட தெரியறது நீதானே?" என்றாள்.

படத்துக்குக் கீழே 'லோரம் இப்சம்' என்று நாலு பத்தி இருந்ததை அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வாய்விட்டுப் படித்தார். "இது என்ன மந்திரம்?" சிசரோ எழுதிய லத்தீனைப் பிய்த்துக் கலைத்துப் போட்டது, அர்த்தம் கிடையாது, இடம் அடைக்க அச்சுக்காரர்கள் வைப்பது என்றேன். "இடம் அடைக்கத்தான்னா என்னைக் கேட்டிருக்கலாமே." மறுநாள் காலையில் நாலு பக்கம் தயார். 'நீர் வற்றுவதால் வற்றல்' என்று ஆரம்பம். நான் ரெண்டு வரி எடுத்துக்கொண்டேன். ஒரு வாரம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூணு வாரத்தில் 61 பேர் வந்துபோனதாகக் கணக்கு காட்டியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு பார்த்தால் காலை காபிக்கு ஒருமுறை, சாப்பிட்டதும் ஒருமுறை, தூங்கி எழுந்து ஒருமுறை. எல்லாம் அப்பா. கூகுளில் கடைப் பெயரை அப்படியே அடித்தாலும் வரவில்லை. ராத்திரி பதினோரு மணிக்குத்தான் பிடிபட்டது. தேடுபொறிகள் இந்தத் தளத்தைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று வேர்ட்பிரஸ் செட்டிங்கில் ஒரு கட்டம் உண்டு. கட்டும்போது யாரும் பார்த்துவிடக்கூடாதே என்று டிக் அடித்தவள் நான், எடுக்க மறந்தவளும் நான். ஒன்பது வருஷம் டெஸ்டிங்! "கடையைத் திறந்துட்டு ஷட்டரை நீயே இறக்கி வச்சிருக்கே" என்றாள் அம்மா.

டிக்கை எடுத்து பத்து நாளில் கோயம்புத்தூரிலிருந்து முதல் ஆர்டர். ஒரு கிலோ, 400 ரூபாய். கூரியருக்கு நான் போட்டிருந்தது 80. முறுக்கு வடிவ வத்தல் நொறுங்கக்கூடாதே என்று பெரிய அட்டைப்பெட்டி தேடி அடுக்கிக் கொண்டுபோனேன். கவுண்டர் பையன் தராசைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டேப்பை எடுத்தான். 40, 30, 25 சென்டிமீட்டர். பெருக்கி, 5000-ல் வகுத்து, "ஆறு கிலோ அக்கா" என்றான்.

"தம்பி, உள்ளே ஒரு கிலோதான்."

"பெட்டி அடைக்கிற இடத்துக்குக் கணக்குக்கா."

430 ரூபாய். வத்தலை விடக் காத்துக்கு விலை அதிகம். வீட்டுக்கு வந்து அழாக்குறையாகச் சொன்னேன். அம்மா பில்லைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாடியில் முறுக்கு அச்சைக் காணோம். வேட்டி பூராவும் ஜவ்வரிசி வில்லை, வட்ட வட்டமாக. காய்ந்ததும் காசு அடுக்குவது மாதிரி அடுக்கினாள். பெட்டி இருபதுக்கு இருபது, உயரம் பதினைந்து. கணக்கு ஒன்றே கால் கிலோவைத் தாண்டவில்லை.

வெப்சைட்டில் இருந்த கார்ட், செக்அவுட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன். இப்போது ஒரே பக்கம்: படம், விலை, அம்மாவின் வாட்ஸ்அப் நம்பர். படமும் புதுசு, வாழை இலையில்.

போன வாரம் கோயம்புத்தூர்க்காரர் கூப்பிட்டார். மறுபடி ஆர்டராக்கும் என்று அம்மா ஸ்பீக்கரில் போட்டாள். "பெட்டியில ஒரு கட்டுரை வச்சிருந்தீங்களேம்மா, அதுல மூணாம் பக்கம் இல்லையே" என்றார். அப்பா பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார்.