தடைக்காலக் குறிப்புகள்

ஏப்ரல் 13, 2025, காசிமேடு

விடிகாலை மூன்று மணிக்கே துறைமுகத்தில் கால் வைக்க இடமில்லை. நாளை நள்ளிரவு முதல் விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அதற்கு முந்தைய கடைசி ஞாயிறு இது. வஞ்சிரம் விலையைக் கேட்டுவிட்டுப் பலர் சங்கராப் பக்கம் நகர்ந்தார்கள்.

நானூறு படங்களுக்கு மேல் எடுத்து, ஆறு படங்களைப் பத்திரிகைக்கு அனுப்பினேன். எனக்குப் பிடித்தது அந்த ஆறில் இல்லை. ஏலம் முடிந்ததும் ஒரு அம்மா கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, முந்தானையில் முடிந்திருந்த பணத்தை எண்ணுகிறார். உதடு அசைகிறது. ஈர நோட்டு ஒன்று கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. அப்போது அழுத்தினேன். எங்கள் ஆயாவும் இப்படித்தான் எண்ணும்.

ஏப்ரல் 14

புத்தாண்டு. மாங்காய்ப் பச்சடி வாசனையில் ஆயா ஞாபகம்தான்.

ராயபுரம் ஸ்டேஷனுக்குப் பின்னால் எங்கள் வீடு. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் அங்கிருந்து கிளம்பியதை, தானே கொடியசைத்து அனுப்பிய மாதிரி ஆயா சொல்லும். கதை சூடுபிடிக்கும் நேரம் பார்த்து வாயை மூடிக்கொண்டு இறால் உரிக்கும். நான் "அப்புறம்? அப்புறம்?" என்று அதன் முழங்காலைப் பிடித்து ஆட்ட வேண்டும். படம் எடுக்க நான் கற்றது அங்கேதான். பார்க்கிறவரை அப்படிக் கேட்க வைக்காத படத்தை நான் அனுப்புவதில்லை.

சுனாமி வந்தபோது எனக்குப் பதினான்கு வயது. கடலூர் மணலில் இரு கைகளையும் விரித்துக் கிடந்து அழும் பெண்ணை ஆர்கோ தத்தா எடுத்த படத்தைப் பிறகுதான் பார்த்தேன். ஓரத்தில், இறந்துபோனவரின் கை மட்டும் தெரியும். அதைப் பார்த்து "அப்புறம்?" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இந்த வேலைக்குத்தான் வர வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

ஏப்ரல் 16, எண்ணூர்

ஒரு வருஷத்துக்கு மேல் தள்ளிப்போட்ட வேலை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொசஸ்தலை ஆறே கறுத்தது. மீனவர்களே மக்கால் அள்ளி டிரம்மில் ஊற்றினார்கள். முழங்கை வரை எண்ணெய் அப்பிய இரண்டு கைகளை அன்று எடுத்தேன். படகிலிருந்த பெரியவரிடம் பெயர் கேட்டு எழுதிக்கொண்டு, பிரிண்ட் தருவதாகவும் சொல்லியிருந்தேன்.

இன்று கொடுத்தேன். லுங்கியில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா இது என் கை இல்ல. எம் புள்ளையோடது."

இடது கட்டைவிரல் நகத்தைத் தொட்டுக் காட்டினார். சின்ன வயதில் படகுக்கும் கட்டைக்கும் நடுவில் மாட்டிப் பிளந்த நகம். பெரிதாக்கிப் போட்ட பிரிண்டில் பிளவு நன்றாகவே தெரிகிறது. நானும் எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! படத்தின் கீழே அச்சானது பெரியவர் பெயர். அவசரத்தில் நான் கேட்கத் தவறிய ஒரே ஒரு கேள்வி.

பையன் இப்போது ஆற்றில் இறங்குவதில்லை, மாதவரத்தில் குடோன் வேலை என்றார். கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுப் படகு விளிம்பில் உட்கார்ந்தேன்.

"அப்புறம், நைனா?"

இருட்டும் வரை சொன்னார்.

ஏப்ரல் 17

திருத்தம் எழுதி அனுப்பியாயிற்று. பையன் ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில் இருப்பானாம். இன்னொரு பிரிண்ட் போடக் கொடுத்திருக்கிறேன்.