முனைவர் பட்டத்துக்குப் பின் ஆய்வுக்கூடம் தேடிய அனுபவம்

முனைவர் பட்ட ஆய்வில், செல்லுக்கு ஆற்றல் தரும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியா எப்படிப் பிளவுபடுகிறது என்பதைப் படித்துக்கொண்டிருந்தேன். டிஆர்பி1 என்ற புரதம் அதை வளையமாகச் சுற்றி இறுக்குகிறது. ஆனால் எந்த இடத்தில் இறுக்க வேண்டும் என்பதை, செல்லுக்குள் சவ்வுகளால் ஆன இன்னொரு நுண்ணுறுப்பான எண்டோபிளாச வலைப்பின்னல் முன்கூட்டியே குறித்துவிடுகிறது என்று 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. இரண்டு நுண்ணுறுப்புகளும் ஒட்டி நிற்கும் அந்த இடங்கள்தான் என்னைப் பிடித்துக்கொண்டன. முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணியான போஸ்ட்டாக் தேடும்போது இப்படியொரு கேள்வி கையில் இருப்பது பெரிய பலம். பெயர்பெற்ற நிறுவனங்களின் பட்டியல் தேவைப்படவில்லை. இதே கேள்வியைத் தொடும் குழுக்களை மட்டும் தேடினேன்.

விளம்பரம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. குழுத் தலைவர்களுக்கு நேரடியாக எழுதினேன். அவர்களுடைய அண்மைக் கட்டுரையில் எந்தச் சோதனை எனக்கு அடுத்த கேள்வியை எழுப்பியது, அதற்கு என்னிடம் உள்ள நுண்ணோக்கிப் பயிற்சி எப்படி உதவும் என்பதைச் சில வரிகளில் சொன்னேன். பலரிடமிருந்து பதில் இல்லை. பதில் எழுதியவர்கள் எல்லோரும் அந்தச் சோதனையைப் பற்றித்தான் பேசினார்கள்.

நேர்காணலைவிட எனக்கு அதிகம் கற்றுத் தந்தது, அந்தக் குழுக்களிலிருந்து வெளியேறியவர்களுடன் நடத்திய உரையாடல்கள். கட்டுரையின் முதல் வரைவை யார் எழுதுவார்கள்? ஒரே திட்டத்தில் இரண்டு பேரை மோதவிடுவார்களா? சோதனை தோற்றால் தலைவர் என்ன சொல்வார்? போகும்போது எதை எடுத்துச் செல்ல விட்டார்? தற்போது அங்கே இருப்பவர்கள் தயங்கும் விஷயங்களை, விலகியவர்கள் மனம்விட்டுச் சொன்னார்கள். புகழ்மிக்க ஒரு குழுவை இந்தப் பதில்களை வைத்தே ஒதுக்கினேன். இன்றும் அதுவே சரியான முடிவு என்று நினைக்கிறேன்.

அடுத்தது ஃபெலோஷிப். தலைவரின் நிதியில் சேர்ந்தால் பெரும்பாலும் அவருடைய திட்டத்தைச் செய்ய வேண்டும். நம் பெயரில் வரும் நிதி நம் கேள்விக்கு இடம் தருகிறது. ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் அமைப்பான எம்போவுக்கு ஆண்டு முழுவதும் விண்ணப்பிக்கலாம். உயிர் அறிவியல் ஆய்வுக்கு உதவும் பன்னாட்டு அமைப்பான ஹெச்எஃப்எஸ்பி மூன்றாண்டு நிதி தருகிறது. ஆனால் முனைவர் பட்ட ஆய்வின் தொடர்ச்சியை ஏற்காது, புதிய திசையை எதிர்பார்க்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் தரும் மரி ஸ்க்வொடோவ்ஸ்கா கியூரி ஃபெலோஷிப்பில் ஒரு விதியைக் கட்டாயம் கவனியுங்கள்: விண்ணப்பிக்கும் இறுதி நாளுக்கு முந்தைய 36 மாதங்களில், போகவிருக்கும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கவோ பணியாற்றியிருக்கவோ கூடாது. முதலில் அங்கே வேலையில் சேர்ந்துவிட்டு, நிதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்களின் வாய்ப்பு இந்த விதியால் பறிபோகலாம்.

நான் இந்த மரி கியூரி ஃபெலோஷிப்பைத்தான் தேர்ந்தெடுத்தேன். திட்ட வரைவு பத்துப் பக்கங்களுக்குள் அடங்க வேண்டும். அறிவியல் பகுதி வேகமாக வந்தது. இந்தக் குழுவுக்கு நான் எதைக் கொண்டுவருகிறேன், அங்கே எதைக் கற்கிறேன் என்ற பகுதிதான் திருத்தித் திருத்தி எழுத வைத்தது. துறைக்கு வெளியே இருக்கும் ஒரு நண்பரிடம் படிக்கக் கொடுத்தேன். அவருக்குப் புரியாத ஒவ்வொரு வாக்கியத்தையும் மாற்றினேன்.

நிதி கிடைத்த செய்தி வந்ததும் குழுத் தலைவரிடம் ஒன்றைக் கேட்டேன்: நான் உருவாக்கும் செல் வரிசைகளையும் (ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பெருக்கும் செல்கள்), நுண்ணுறுப்புகள் ஒட்டி நிற்கும் இடங்கள் பற்றிய திட்டத்தையும் பின்னாளில் என் சொந்தக் குழுவுக்கு எடுத்துச் செல்லலாமா? தயங்காமல் சம்மதித்தார். மின்னஞ்சலில் எழுத்தாகவும் அனுப்பினார். அதன் பிறகுதான் கையெழுத்திட்டேன்.